பள்ளிக்கூட வாசலோடு நின்ற பெற்றோர்

பிள்ளை படிப்பில் பின்தங்கினால் குறை யாரிடம்? வீட்டில் கவனிப்பதில்லை என்பார் ஆசிரியர். பள்ளியில் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பார் தந்தை. இடையில் அகப்பட்டுக்கொள்வது பிள்ளை. இந்த வழக்கு நேற்று முளைத்ததல்ல. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் தோன்றிய விதத்திலேயே அதன் வேர் இருக்கிறது.

இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக 1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பைக் குறிப்பிடுவர். ஆனால், தமிழ்ப்பள்ளிகள் பெருகியது ரப்பர்த் தோட்டங்களில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது.

சட்டம் முதலாளியைக் கேட்டது; பெற்றோரைக் கேட்கவில்லை. கொட்டகை துரையுடையது. கிராணியோ, கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியோ ஆசிரியராக அமர்த்தப்பட்டார். தாயும் தந்தையும் விடியும் முன்பே பெரட்டுக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது பள்ளியே முடிந்திருக்கும். பிள்ளையைப் பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசலோடு நின்றது அக்கறையின்மையால் அல்ல. அவர்களுக்கு வாய்த்த நேரமும் நிலையும் அப்படி.

இருந்தும் ஒரு நல்ல தொடர்பு அங்கே வளர்ந்தது. ஆசிரியர் தோட்டத்திலேயே குடியிருந்தார். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். திருவிழாவிலும் துக்க வீட்டிலும் முன்னால் நின்றவரும் அவர்தான். ஒரு பையன் இரண்டு நாள் வகுப்புக்கு வராவிட்டால், மாலையில் லயத்துப் பக்கம் நடந்துபோய் விசாரிக்க அவருக்குக் கடிதமோ கூட்டமோ தேவைப்படவில்லை. தகப்பன் கள்ளுக்கடையில் இருக்கிறானா, தாய் நோயில் கிடக்கிறாளா என்பது அவருக்குத் தெரியும். கல்வித் தரத்தில் குறைகள் பல இருந்த அப்பள்ளிகளில் இந்த ஒன்று நிறைவாக இருந்தது எனலாம்.

அந்தத் தொடர்பு அறுந்த இடம் இடைநிலைப்பள்ளி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை பட்டணத்துப் பள்ளிக்குப் போனதும் பயிற்றுமொழி மலாய் ஆனது. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பெற்றோரால் படிக்க முடியவில்லை; ஆசிரியருக்கோ அந்தக் குடும்பம் எதுவென்றே தெரியாது. பிள்ளை தடுமாறுவதை இரு தரப்பும் காணாத அந்த இடைவெளியில்தான் பலரின் படிப்பு பாதியில் நின்றது.

பிறகு தோட்டங்களும் கைமாறின. நிலம் வீடமைப்புக்கும் மேம்பாட்டுக்கும் போக, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று சுமார் 530. ஆசிரியர் ஒரு மூலையிலும் மாணவர் வேறொரு மூலையிலும் வாழும் காலம் வந்தது.

1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் கீழ், 1998-இல் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கான விதிமுறைகள் வந்தன. தலைமையாசிரியர் ஆலோசகராக இருக்க, பெற்றோர் முறைப்படி பள்ளிக்குள் வர வழி பிறந்தது. வாசலில் நின்றவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. ஆனால் காலத்தின் விந்தையைப் பாருங்கள்! லயத்தில் இயல்பாக இருந்த பேச்சு மறைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஏட்டில் இந்த உரிமை வந்தது.

நாற்காலி மட்டும் போதுமா? ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசித்து, கூரைக்கும் மேசைக்கும் நிதி திரட்டிக் கலைந்துவிட்டால், பின்வரிசைப் பிள்ளையின் சிக்கல் அப்படியே இருக்கும். 'மார்க் எத்தனை?' என்று கேட்கும் பெற்றோர், 'இவனுக்கு எது விளங்கவில்லை?' என்றும் கேட்க வேண்டும். 'ஏன் வரவில்லை?' என்று அதட்டும் ஆசிரியர், 'வீட்டில் என்ன நடக்கிறது?' என்றும் விசாரிக்க வேண்டும். இரவு வேலை பார்க்கும் தாய்க்கு ஏற்ற நேரத்தில் சந்திப்பை வைப்பது பெரிய செலவன்று.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது. அன்று அந்தத் தோட்டத்து வாத்தியார் மாலையில் நடந்த சிறு தூரத்தை, இன்று பள்ளியும் வீடும் ஆளுக்குப் பாதியாக நடந்தால் போதும்.