காஞ்சிவரம் (திரைப்படம்): விமர்சகர் வரவேற்பு

பிரியதர்ஷன் இயக்கிய தமிழ்ப் படம். விடுதலைக்கு முந்தைய காஞ்சிபுரத்தில், ஊருக்கெல்லாம் பட்டு நெய்யும் வேங்கடம், தன் மகளின் திருமணத்துக்கு ஒரு பட்டுச்சேலை தருவதாக வாக்களித்து, கூலியில் அது கைகூடாமல் தறிக்கூடத்துப் பட்டிழையை வாயில் ஒளித்துக் கடத்துகிறான். 2008 டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2009 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்தது. நகைச்சுவைப் படங்களால் பெயர்பெற்ற இயக்குநரின் இந்த மாற்றத்தை விமர்சகர்கள் பெரிதும் பாராட்டினர். திருநாவுக்கரசின் ஒளிப்பதிவும் பேசப்பட்டது. ஆயினும் படத்தைத் தாங்குவது வேங்கடமாக வரும் பிரகாஷ்ராஜின் நடிப்பே. தொழிற்சங்கத் தலைவனாக நியாயம் பேசும் அதே வாய் இழையையும் மறைக்கும் முரணை அவர் உடலாலேயே காட்டிவிடுகிறார். 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைப்படம், சிறந்த நடிகர் ஆகிய தேசிய விருதுகள் இப்படத்துக்குக் கிடைத்தன.