ரங்கூன் கடையும் மூணு வருஷக் கணக்கும்

வெளிநாட்டுல கிளை திறக்கிற கம்பெனிக்கு ரெண்டு தலைவலி. ஒண்ணு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேனேஜர் நம்ம காசைச் சுருட்டாம இருக்கணும். இன்னொண்ணு, அந்த ஊர்க்காரன் நம்மளை எவ்வளவு நாள் பொறுத்துக்குவான்கிறது. முதல் தலைவலிக்கு இப்ப ஆடிட்டு, ஈமெயில், வீடியோ கான்பரன்ஸ்னு நூறு மருந்து இருக்கு. இதெல்லாம் இல்லாத காலத்துல, தபால் கப்பலை மட்டும் நம்பி அதுக்கு வைத்தியம் கண்டுபிடிச்சவங்க நம்ம நாட்டுக்கோட்டை நகரத்தார். ரெண்டாவது தலைவலி வந்தப்பதான் அவங்ககிட்ட மருந்தே இல்ல.

செட்டியார்னா வட்டிக்கடை, பெரிய வீடு, சிக்கன் செட்டிநாடு. இந்த மூணோட நம்மில் பலருக்கு விஷயம் முடிஞ்சு போகுது. ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' படிச்சவங்க மட்டும் மெடான், பினாங்குன்னு கொஞ்சம் கூடுதலா சொல்லுவாங்க. நான் இங்க சொல்ல வந்தது பர்மா கதை. பணம் அதிகமா போனதும் அங்கதான், அதிகமா தொலைஞ்சதும் அங்கதான்.

1852 போர்ல கீழ் பர்மாவை வெள்ளைக்காரன் பிடிச்சான். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவோட சதுப்புக்காடு கொஞ்சம் கொஞ்சமா வயலாச்சு. 1850கள்ல ஏழெட்டு லட்சம் ஏக்கரா இருந்த நெல் சாகுபடி, 1930 வாக்கில் சுமார் 87 லட்சம் ஏக்கர். காட்டை வெட்ட, மாடு வாங்க, கூலி கொடுக்க, அறுவடை வரைக்கும் சாப்பிட, எல்லாத்துக்கும் முன்பணம் வேணுமே? ரங்கூன்ல இருந்த வெள்ளைக்கார பேங்குகள் சேத்துல இறங்கத் தயாரில்ல. அவங்க செட்டியாருக்குக் கொடுத்தாங்க, செட்டியார் விவசாயிக்குக் கொடுத்தார். 1930ல் வந்த பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கை போட்ட கணக்குப்படி பர்மாவுல செட்டியார் கடைகள் சுமார் 1,650. புழங்கின பணம் சுமார் 75 கோடி ரூபாய், அன்னிய மதிப்புல. கீழ் பர்மாவுல ஜனம் இருக்கிற எந்த இடத்துல இருந்தும் ஒரு நாள் பயணத்துல ஒரு செட்டியார் கடை இருந்துச்சாம். இன்னிக்கு எந்த பேங்குக்கும் இது கனவு!

முதலாளி காரைக்குடிப் பக்கமோ தேவகோட்டைப் பக்கமோ தான் இருப்பார். கடையை நடத்துறது ஏஜண்டு. மேலாள்னும் சொல்லுவாங்க. அவருக்குக் கீழ அடுத்தாள், அதுக்குக் கீழ பெட்டியடிப் பையன். பெட்டியடிப் பையன்னா பணப்பெட்டி பக்கத்துல உக்கார்ற பொடியன். கூட்டுறது, தண்ணி எடுக்கிறதுல ஆரம்பிச்சு, வட்டிச்சிட்டை, பேரேடுன்னு கத்துக்கிட்டு மேல வரணும். நேரா மேனேஜரா வந்து இறங்குற கதையே கிடையாது.

ஏஜண்டுக்கு ஒப்பந்தம் பொதுவா மூணு வருஷம். சம்பளத்துல ஒரு பகுதியை முன்கூட்டியே ஊர்ல குடும்பத்துக்கிட்ட கொடுத்துடுவாங்க. மனைவி, பிள்ளைகள் கூடப் போகக் கூடாது. மூணு வருஷம் முடிஞ்சதும் அடுத்த ஏஜண்டு வந்து கணக்கை வாங்கிக்குவார், பழையவர் ஊருக்கு வந்து முதலாளிகிட்ட கணக்கு ஒப்புவிக்கணும். லாபம் இருந்தா அதுல ஒரு பங்கும் உண்டு. கையெழுத்து போடுறப்போ தன் பேருக்கு முன்னால முதலாளியோட விலாசத்தைப் போடுவார். விலாசம்னா அட்ரஸ் இல்ல, தலைமுறை தலைமுறையா வந்த இனிஷியல். பழைய ரங்கூன் வழக்குகளைப் புரட்டினா அஞ்சாறு எழுத்து வரிசையா நிக்கிற கடைப் பேருங்க கண்ணுல படும்.

தப்பு பண்ணினா? கோர்ட் அப்புறம். ஒன்பது நகரக் கோயில்ல எதுலயாவது ஒண்ணுல அவனும் புள்ளி, முதலாளியும் புள்ளி. ஒருத்தனை ஏமாத்தினவனுக்கு அடுத்த கடையில வேலை கிடைக்காது, வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கிறதும் கஷ்டம். இதை விடக் கறாரான ஆடிட்டர் எங்க இருக்கார்?

வட்டி விகிதம் கூட தனித்தனியா முடிவாகாது. ரங்கூன் மொகல் தெருக் கோயில்ல தமிழ் மாசத்துக்கு ஒரு தடவை கூடி, ஒருத்தருக்கொருத்தர் கொடுக்கிற பணத்துக்கு 'நடப்பு வட்டி'யை நிர்ணயிப்பாங்க. முருகன் சன்னிதியில ரிசர்வ் பேங்க் வேலை :-)

எனக்கு இந்த ஏற்பாட்டுல மலைப்பும் உண்டு, உறுத்தலும் உண்டு. இருபது வயசுல கப்பலேறினவன் மூணு மூணு வருஷமா வாழ்க்கையைக் கழிச்சிருக்கான். ஊர்ல ஆச்சி தனியா பிள்ளைகளை வளர்த்திருக்காங்க. அதைவிடப் பெரிய உறுத்தல் வேற. மூணு வருஷத்துல திரும்பப் போறவனுக்கு அந்த ஊர் எதுக்கு? கணக்கு தமிழ்ல, சாப்பாடு செட்டிநாட்டுல, கோயில் நம்ம கோயில், லாபம் ஊருக்கு. பர்மாக்காரனுக்குத் தெரிஞ்ச செட்டியார், பெட்டி முன்னால உக்காந்த ஒரு ஆள், அவ்வளவுதான். உள்ளூர் லேவாதேவிக்காரங்களை விட இவங்க வட்டி கம்மிதான், குழு அறிக்கையே அப்படித்தான் சொல்லுது. ஆனா வட்டி கம்மின்னு யாரும் நன்றி சொல்றதில்ல.

1930ல் நெல் விலை சரிஞ்சது. அடுத்த சில வருஷத்துல பாதிக்கும் கீழ போயிடுச்சு. கடனைக் கட்ட முடியல, அடமானம் வச்ச நிலம் செட்டியார் கைக்கு வந்தது. 1930ல் கீழ் பர்மாவுல முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 100 ஏக்கருக்கு 6 ஏக்கர் அவங்ககிட்ட. 1938ல் 25 ஏக்கர், அதாவது சுமார் 24 லட்சம் ஏக்கர். நிலத்தைப் பிடுங்கத் திட்டம் போட்டாங்கன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது ஒத்துவரல. மூணு வருஷத்துல கணக்கு முடிக்கிறவனுக்கு ரொக்கம்தான் வேணும், விலை விழுந்த வயல் எதுக்கு? வித்துட்டுப் போகலாம்னா வாங்க ஆள் இல்ல. ஆனா தாத்தா வெட்டித் திருத்தின காட்டை இழந்து அதே நிலத்துல குத்தகைக்காரனா நின்னவன்கிட்ட இந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா? அவன் கண்ணுல பட்டது பேரேட்டுல மாறின பேரு மட்டும்தான்.

அப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. 1937ல் பர்மா இந்தியாவுல இருந்து பிரிஞ்சது. 1942ல் ஜப்பான்காரன் வந்தப்போ லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினாங்க, அரக்கான், மணிப்பூர் மலை வழியா நடந்தவங்கள்ல பல்லாயிரம் பேர் வந்து சேரல. அதுல பெரும்பாலானவங்க செட்டியார் இல்ல, கூலிக்காரங்க. சுதந்திர பர்மா 1948ல் நில தேசியமயச் சட்டம் போட்டுச்சு. கேட்ட நஷ்ட ஈடு கிடைக்கல.

இதுல ஒருத்தர் மட்டும் வேற மாதிரி யோசிச்சிருக்கார். மு.சிதம்பரம் செட்டியார் (எம்.சிடி.எம்.). விலாசமும் ஏஜண்டும் இல்லாம, பங்கு வித்து, முறைப்படி ஒரு பேங்க் ஆரம்பிச்சார். 1937 பிப்ரவரி 10, ஒரே நாள்ல காரைக்குடி, சென்னை, ரங்கூன்னு மூணு ஊர்ல இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் கதவு திறந்துச்சு. பின்னாலயே பினாங்கு. 1963ல் நே வின் அரசு பேங்குகளை எடுத்துக்கிட்டப்போ, அந்த ரங்கூன் கிளையும் போயிடுச்சு.