வட்டத்தொட்டியில் பழகிய செவி

தொழிலறிவுக்கு அப்பால் நயமாகப் பேசுதல், பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டல், பலரோடு இணங்கிப் பணிசெய்தல் ஆகியவற்றை மென்திறன்கள் என ஒரு பெயரில் தொகுக்கும் வழக்கம், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சித் துறையில் உருப்பெற்றதாகும். அப்பெயர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, அன்று தென்காசியும் குற்றாலமும் அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தில், இப்பண்புகள் இலக்கியத்தின் வழியே பயிலப்பட்டன.

ரசிகமணி எனப் போற்றப்பட்ட டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882–1954) சட்டம் படித்தவர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றியவர். அவருடைய திருநெல்வேலி இல்லத்தில் கூடிய அன்பர் குழாம், அவ்வீட்டின் வட்ட வடிவத் தொட்டிக்கட்டு காரணமாக, வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது. கம்பன் பாடல் ஒன்றை அவர் நிதானமாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்போர் அதன் உணர்ச்சியைத் தாமே எட்டும்வரை அடுத்த பாடலுக்கு நகர மாட்டார். கம்பன் பாடல்களை அவர் துணிந்து திருத்தியதும் நீக்கியதும் புலவர்களின் கண்டனத்துக்கு உள்ளாயின. அக்கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் செவியைப் பழக்கிய ஆசான் என்ற வகையில் அவருக்கு இணையானவர் அரியர். இன்றைய மென்திறன் பயிற்சி வகுப்புகள் பேச்சுக்குத் தரும் இடத்தில் பாதியையேனும் கேட்பதற்குத் தருவதில்லை என்பதால், இக்கூறு தனிக் கவனத்துக்கு உரியது.

இக்குழாத்தில் பழகியவர்களுள் வருவாய்த்துறையில் சேர்ந்து மாவட்ட ஆட்சியராக உயர்ந்த தொ.மு.பாஸ்கரத் தொண்டைமானும், உயர்நீதிமன்ற நீதிபதியாகி ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கிய எஸ்.மகராஜனும் அடங்குவர். மனுவோடு வந்தவரின் குறையையும், வழக்காடுவோரின் வாதத்தையும் நாள்தோறும் கேட்டே முடிவு சொல்லவேண்டிய அப்பதவிகளுக்கு, ஒரு சொல்லின் தொனியைப் பிரித்தறியும் பழக்கம் எவ்வளவு துணைநின்றிருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறியபோது, சாரல் காலத்தில் ராஜாஜியும் கல்கியும் உள்ளிட்ட விருந்தினர் அங்கு வந்து தங்கினர். வர இயலாதவர்க்குக் கடிதங்கள் சென்றன. படித்தவர்கள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதையே மதிப்பாகக் கருதிய அக்காலத்தில், எதிரே அமர்ந்து பேசுவது போன்ற தமிழில் அவர் எழுதிய அக்கடிதங்கள் பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்டன.