மாருதி ஜிப்சி: உற்பத்தி நிறுத்தம்

மாருதி ஜிப்சி, 1985 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2019-ல் பொதுச் சந்தையை விட்டு விலகிய ஃபோர் வீல் டிரைவ் வாகனம். குர்கான் ஆலையில் மாருதி 800, ஆம்னி இரண்டுக்கும் அடுத்து வந்த மூன்றாவது வண்டி இது. பேச்சு வழக்கில் இதையும் ‘ஜீப்’ என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஜீப்பின் பரம்பரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுசுகி எஸ்.ஜே.410 என்ற ஜிம்னியின் நீளம் கூட்டிய வடிவமே ஜிப்சி. சுசுகி தன் ஜிம்னியை 1998-லும் 2018-லும் முற்றிலும் புதிதாக வடிவமைத்தது. இந்தியாவில் பழைய உடம்பே நீடித்தது.

முதலில் 970 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 45 குதிரைத்திறன், நான்கு கியர். 1993-ல் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது. 1996-ல் 1.3 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் கொண்ட ‘ஜிப்சி கிங்’ வந்தது. பின்னர் அதன் திறன் 80 குதிரைத்திறனாக உயர்ந்தது. மற்றவை பெரிதாக மாறவில்லை. முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். பவர் ஸ்டீயரிங் கிடையாது. கேன்வாஸ் கூரை வண்டியில் பின்னால் ஏறுபவர்கள் பக்கவாட்டில் போட்ட பெஞ்சுகளில், முழங்காலோடு முழங்கால் இடிக்க, எதிரெதிரே உட்கார வேண்டும். டிரைவருக்குப் பக்கத்தில் கியர் லிவரை ஒட்டி இன்னொரு குட்டை லிவர் இருக்கும். சேற்றிலோ செங்குத்து ஏற்றத்திலோ அதை இழுத்து நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துவிட்டால், ஏறக்குறைய ஒரு டன் எடையே உள்ள வண்டி மெல்ல ஊர்ந்து மேலே வந்துவிடும். ஜிப்சியின் பெருமை முழுக்க அந்த லிவரிலும் குறைந்த எடையிலும்தான் இருந்தது. நகரத்தில் தினமும் ஓட்டுவதற்கு இது நல்ல வண்டி இல்லை: குலுக்கல் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம்.

அதனால்தான் வீட்டுக்கு வாங்கியவர்கள் குறைவு. வண்டியை உயிரோடு வைத்திருந்தது இந்திய இராணுவம். படையின் பழைய ஜோங்கா வண்டிகளும் ஜீப்புகளும் செய்துவந்த வேலையை இது படிப்படியாக எடுத்துக்கொண்டது. 35,000-க்கு மேற்பட்ட ஜிப்சிகள் படைகளுக்குப் போயின. இமயமலைக் குளிரில் பெட்ரோல் இன்ஜின் தகராறு இல்லாமல் கிளம்புவதும், குறுகலான மலைப்பாதையில் வண்டியின் சிறிய உருவமும் அங்கே காசுக்குக் கிடைக்காத குணங்கள். காவல்துறை, வனத்துறை, புலிக் காப்பகங்களின் சஃபாரி, ரெய்டு டி ஹிமாலயா போன்ற ராலிகள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். கன்ஹா, ரந்தம்போர் போன்ற காடுகளுக்குப் போனவர்களின் நினைவில், புலியோடு திறந்த கூரை ஜிப்சியும் சேர்ந்தே இருக்கும்.

நிறுத்தத்துக்குக் காரணம் விற்பனைச் சரிவு மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மை. விற்பனை என்றுமே பெரிதாக இருந்ததில்லை. சட்டம்தான் இறுதி நெருக்கடி தந்தது. ஏற்கெனவே உற்பத்தியில் உள்ள கார்களுக்கு 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். பிரேக், ஜூலையில் டிரைவருக்கு ஏர்பேக், அக்டோபரில் மோதல் சோதனை விதிகள், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை வரம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டாயமாயின. எண்பதுகளின் தொடக்கத்தில் வரையப்பட்ட ஓர் உடம்பில் இவற்றையெல்லாம் பொருத்துவதற்குப் புது வண்டியே செய்துவிடலாம். டீலர்கள் முன்பதிவை நிறுத்தினார்கள். 2019-ன் முதல் மாதங்களோடு பொதுமக்களுக்கான ஜிப்சி முடிந்தது.

ஆனால் ஆலை உடனே ஓயவில்லை. புதிய விதிகளிலிருந்து இராணுவ ஜிப்சிக்கு அதே ஆண்டு விலக்கு கிடைத்து, மூவாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கான ஆர்டரும் வந்தது. எனவே ‘கடைசி ஜிப்சி’ எது என்ற கேள்விக்கு, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் பதில். இராணுவமும் அதற்கு முன்பே மாற்று தேடத் தொடங்கிவிட்டது: 2017-ல் 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. அவை ஜிப்சியைவிட அதிகச் சுமை தாங்குபவை, கூரை இரும்பு.

மாருதி தரப்பில் வாரிசு வர நான்காண்டுகள் ஆயின. 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி ரூ. 12.74 லட்சம் தொடக்க விலையில் வந்தது. ஆறு ஏர்பேக், லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங், ஏ.சி. எல்லாம் உண்டு, அந்தக் குட்டை லிவரும் உண்டு.

படைகள் கழித்துக்கட்டும் ஜிப்சிகள் ஏலத்துக்கு வருகின்றன. ஆர்வலர்கள் போட்டி போட்டு எடுக்கிறார்கள். எடுத்தவர் முதலில் போக வேண்டியது பெயிண்ட் கடைக்கு: மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பாதுகாப்புத் துறையைத் தவிர யாருடைய வண்டியும் ஆலிவ் பச்சை நிறத்தில் ஓடக் கூடாது.