எந்திரக் குதிரையும் எம்மவர் கைவண்ணமும்

கலை என்றதும் கோயிற் சிற்பமும் திருவிழாத் தேரும் எமது மனக்கண்முன் தோன்றும். மோட்டார் சைக்கிளை அவற்றோடு சேர்த்து எண்ணுவார் அரியர். பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கவுங் கூடும். ஆயினும் தேருக்கு வண்ணந் தீட்டியவனும் பெட்ரோல் டாங்கிக்கு வண்ணந் தீட்டுபவனும் ஓரினத்தவரே என்பது எமது துணிபு.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க வாலிபர் தம் கனத்த வண்டிகளின் மட்கார்டுகளைக் குறுக்கினர். வேண்டாத உறுப்புக்களைக் கழற்றினர். வேகத்துக்கெனத் தொடங்கிய வேலை விரைவில் அழகுக்கென ஆயிற்று. இங்கிலாந்து வாலிபரோ, 1950இல் பந்தயக் களங்கண்ட நோர்ட்டன் சட்டகத்தினுள் ட்ரையம்ப் எஞ்சினைப் பொருத்தினர். முன்னது வளைவில் தளம்பாதது. பின்னது வலிமை மிக்கது. அக்கலப்புக்கு ‘ட்ரைட்டன்’ என்று பெயரும் இட்டனர். நோர்ட்டனும் விற்காத, ட்ரையம்பும் விற்காத வண்டி அது!

1969இல் வெளிவந்த ‘ஈசி ரைடர்’ திரைப்படத்தின் நீண்ட முன்கவை வண்டிகளை உலகமே வியந்தது. அவற்றின் உருவாக்கத்தில் முன்னின்றோர் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்னும் கறுப்பினத்தவர் இருவர். படத்தில் அவர்கள் பெயர் காட்டப்படவில்லை. ஓட்டியவனை அறிவோம், ஆக்கியவனை அறியோம். இக்கதை எமக்கும் புதிதன்று.

1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் தோன்றிற்று. திருவொற்றியூரில் உருவான ‘புல்லட்’ வண்டிகளின் டாங்கியிற் செல்லும் பொன்னிறக் கோட்டினைத் தூரிகை பிடித்து, அளவுகோலின்றிக் கையாலேயே இழுத்தனர். ஆயிரம் வண்டி வரினும் ஒன்றின் கோடு மற்றொன்றின் கோடு ஆகாது.

இனி எமது மலைக்கு வருவோம். 1885இல் நானுஓயாவுக்குப் புகைவண்டி வந்தது. 1934இல் அருகே நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற வாகனப் போட்டி தொடங்கிற்று. கடிகாரத்தோடு போட்டியிட்டு ஏறுவது அதன் முறை. ஏற்றத்தில் ஒவ்வோர் இறாத்தலும் பகை; ஆதலின் வண்டியைக் கழற்றி மாற்றும் கலைக்கு அப்பாதையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் நெடுங்காலம் துரைமாரின் அதிகாரச் சின்னமாகவே இருந்தது. அதன் ஒலி கேட்டால் கொழுந்து மலையில் பேச்சு அடங்கும். எம்மவர்க்கோ லயக்காம்பிரா எல்லாம் ஒரே அளவு, ஒரே சுண்ணாம்பு. செக்றோலில் ஓர் இலக்கம். விரும்பிய வண்ணம் பூச ஒரு கதவுகூடச் சொந்தமில்லை. எனவே நானுஓயா இளைஞன் ஒருவன், தவணைப் பணங் கட்டி வாங்கிய வண்டியில் வேலும் தாயின் பெயரும் எழுதுவிக்கும்போது, அதனை வீண்செலவென்று தள்ள எமக்கு மனம் வரவில்லை. சைலன்சரை அறுத்து ஊரை உறங்கவிடாமற் செய்வதை மட்டும் கலையென நாம் ஏற்கமாட்டோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மோட்டார் சைக்கிள்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025இற்றான். அதுவரை பழைய வண்டிகளே கதி. துருவேறிய டாங்கிகளைத் தேய்த்தனர், பட்டி பூசினர், புதுவண்ணம் ஏற்றினர். தொழிற்சாலை கொடுத்த நிறம் எதுவென்று சொந்தக்காரருக்கே மறந்துபோன வண்டிகள் சில எமது வீதிகளில் இன்றும் ஓடுகின்றன.