டோக்கியோ கார்பன் உச்சவரம்புத் திட்டம்

டோக்கியோ கார்பன் உச்சவரம்புத் திட்டம் என்பது டோக்கியோ பெருநகர அரசு 2010 ஏப்ரல் முதல் நடத்திவரும் பசுங்குடில் வாயுக் கட்டுப்பாட்டுத் திட்டம். நகரின் பெரிய கட்டடங்களும் தொழிற்சாலைகளும் ஐந்தாண்டுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியிடலாம் என்பதற்கு இது வரம்பு விதிக்கிறது. வரம்பைத் தாண்டுவோர், கூடுதலாகக் குறைத்தவர்களிடமிருந்து கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுகட்டலாம். அலுவலகக் கட்டடங்களையும் சேர்த்து, ஒரு நகர நிர்வாகம் கட்டாயமாக்கிய உமிழ்வு வணிகத் திட்டங்களில் உலகிலேயே முதலாவது இது.

பின்னணி

மின்சாரம் உற்பத்தியாகும் இடம் வேறு, செலவாகும் இடம் வேறு என்பதுதான் நகர நிர்வாகங்களின் அடிப்படைச் சிக்கல். டோக்கியோவுக்கான மின்சாரத்தில் பெரும்பங்கு ஃபுகுஷிமா, நீகாட்டா போன்ற வெளி மாகாணங்களில் உற்பத்தியாகி வந்தது. அங்குள்ள மின் நிலையங்களுக்கு டோக்கியோ உத்தரவிட முடியாது. ஆகவே புகைபோக்கியை விட்டுவிட்டு, மின்சாரத்தைச் செலவழிக்கும் கட்டட உரிமையாளரைப் பொறுப்பாளியாக்கியது நகர அரசு. இத்திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு இதுவே.

மத்திய அரசுக்காகக் காத்திராமல் முன்னே செல்லும் வழக்கம் டோக்கியோவுக்கு முன்பே உண்டு. ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா 1999-இல் டீசல் வாகனக் கரித்தூளை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, செய்தியாளர்கள் முன் குலுக்கிக் காட்டினார். 2003 அக்டோபரில் அண்டை மாகாணங்களையும் சேர்த்துக்கொண்டு டீசல் கட்டுப்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

2002-இல் பெரிய நிறுவனங்கள் தங்கள் உமிழ்வைக் கணக்கிட்டு அறிக்கை தர வேண்டும் என்ற விதி வந்தது. குறைப்பது மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2005-இல் அறிக்கைகளுக்குத் தரவரிசையும் தந்து பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆனாலும் எந்தக் கட்டடம் எவ்வளவு செலவழிக்கிறது என்ற விவரம் ஆண்டுக்காண்டு நகர அரசின் கையில் சேர்ந்துகொண்டே வந்தது. பின்னாளில் வரம்புகளை நிர்ணயிக்க அதிகாரிகளுக்கு அடித்தளமாக அமைந்தது அந்த விவரம்தான். தொழில் அமைப்புகள் எதிர்த்தன, பேச்சுவார்த்தைகள் நீண்டன. இறுதியில் 2008 ஜூனில் பெருநகரப் பேரவை சட்டத்திருத்தத்தை ஒருமனதாக நிறைவேற்றியது.

செயல்படும் விதம்

ஆண்டுக்கு 1,500 கிலோலிட்டர் கச்சா எண்ணெய்க்கு ஈடான அல்லது அதற்கு மேற்பட்ட எரிசக்தியைச் செலவிடும் எந்த வளாகமும் இதற்குள் வரும். அலுவலகங்கள், கடைவளாகங்கள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், ஆலைகள் என ஏறத்தாழ 1,300 வளாகங்கள் இதில் அடங்கும். எண்ணிக்கையில் சிறிய கூட்டம்தான். ஆனால் டோக்கியோவின் வணிக, தொழில் துறைகள் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 40 விழுக்காடு இவற்றுடையது.

2002 முதல் 2007 வரையிலான காலத்தில் தொடர்ச்சியான ஏதேனும் மூன்று ஆண்டுகளைக் கட்டட உரிமையாளரே தேர்ந்தெடுக்கலாம். அவற்றின் சராசரியே அடிப்படை அளவு. முன்பே சிக்கனமாக இருந்தவர் நட்டப்படக்கூடாது என்பதற்காகத் தரப்பட்ட சலுகை இது. அடிப்படை அளவு 10,000 டன் உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் (2010–2014) அதற்குரிய குறைப்பு 8 விழுக்காடு. அதாவது ஐந்தாண்டுகளில் 50,000 டன்னுக்குப் பதில் 46,000 டன். ஓராண்டு கூடி மறு ஆண்டு குறைந்தாலும் மொத்தம் அதற்குள் அடங்கினால் போதும். 1,000 டன் மிஞ்சி, அதை கிரெடிட் வாங்கியும் ஈடுகட்டாவிட்டால், 1.3 மடங்காக 1,300 டன்னைச் சரிசெய்யும்படி உத்தரவு வரும். அதையும் மீறினால் 5 லட்சம் யென் வரை அபராதம் உண்டு; விதியை மீறியவர் பெயரும் வெளியிடப்படும். கணக்குகள் அனைத்தையும் பதிவுபெற்ற வெளித் தணிக்கையாளர் சரிபார்த்தாக வேண்டும்.

வாடகைக் கட்டடங்களில் ஒரு கேள்வி எழுந்தது. விளக்கையும் ஏசியையும் பயன்படுத்துபவர் வாடகைதாரர். அபராதம் கட்டுபவர் உரிமையாளர் என்றால் எப்படி? எனவே வாடகைதாரர் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர் என்று விதியிலேயே எழுதினார்கள். 5,000 சதுர மீட்டருக்கு மேல் இடம் எடுத்திருக்கும் பெரிய வாடகைதாரர் தனியாகவே குறைப்புத் திட்டம் சமர்ப்பிக்க வேண்டும்.

விளைவுகள்

முதலாண்டிலேயே மொத்த உமிழ்வு அடிப்படை அளவைவிட 13 விழுக்காடு குறைந்தது. 2014-இல் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. இதில் 2011 மார்ச் நிலநடுக்கத்துக்கும் பங்குண்டு. ஃபுகுஷிமா அணு உலை விபத்தையடுத்து ஏற்பட்ட மின் தட்டுப்பாட்டில் அலுவலகங்கள் பாதி விளக்குகளைக் கழற்றின. 750 லக்ஸ் வெளிச்சத்துக்குப் பழகியிருந்தவர்கள் 500 லக்ஸிலும் குறையின்றி வேலை பார்க்கலாம் என்று கண்டுகொண்டார்கள். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நின்றது. எல்.இ.டி. விளக்குகளும் திறன்மிக்க குளிரூட்டிகளும் மீதியைச் செய்தன.

அணு உலைகள் மூடப்பட்டதால், எரிவாயுவும் நிலக்கரியும் எரித்துப் பெற்ற மின்சாரம் கூடியது. ஆனால் திட்டத்தின் கணக்கில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கான உமிழ்வு அளவு ஒரு கட்டம் முழுதும் மாறாமல் வைக்கப்பட்டிருந்தது. மின் நிலையத்தில் நேர்ந்த மாற்றத்துக்குக் கட்டட உரிமையாளர் தண்டனை பெறக்கூடாது என்பதால் இது நியாயமான ஏற்பாடே. எனினும் முதல் கட்டத்தின் 25 விழுக்காடு மின்சிக்கனத்தைக் காட்டும் எண்ணே தவிர, வளிமண்டலத்துக்குப் போன கரியமில வாயுவின் முழுக் கணக்கு ஆகாது. இதை மறந்து எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது தவறு.

இன்னொரு குறை, வரம்பு தளர்வாக இருந்தது. இரண்டாம் கட்டத்துக்கு (2015–2019) விதித்த 17 விழுக்காட்டை, அது தொடங்குமுன்பே மொத்த அளவில் தாண்டிவிட்டார்கள். பெரும்பாலோர் தாங்களே இலக்கை எட்டியதால் கிரெடிட் வாங்கவேண்டிய தேவை சிலருக்கே வந்தது. சந்தை மந்தமாகவே இருந்தது. அண்டை மாகாணமான சைதாமா 2011-இல் இதே திட்டத்தை அபராதம் இல்லாமல் தொடங்கியது.

மூன்றாம் கட்டத்தில் (2020–2024) அலுவலகங்களுக்கான குறைப்பு 27 விழுக்காடாகவும், 2025-இல் தொடங்கிய நான்காம் கட்டத்தில் 50 விழுக்காடாகவும் உயர்ந்துள்ளது. வீடுகளும் வாகனங்களும் இதற்கு வெளியே நிற்கின்றன. வீடுகளுக்காக 2022 டிசம்பரில் தனி விதி நிறைவேறியது. அதன்படி 2025 ஏப்ரல் முதல் பெரிய வீட்டுக் கட்டுமான நிறுவனங்கள் புதிய வீடுகளில் சூரிய மின்தகடு பொருத்தும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

நாடு தழுவிய கட்டாய உமிழ்வு வணிகத்துக்கான சட்டத்தை ஜப்பான் 2025-இல்தான் நிறைவேற்றியது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் நேரடியாக உமிழும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும். அலுவலகக் கட்டடங்கள் செலவிடும் மின்சாரத்துக்கான கணக்கை டோக்கியோவின் விதிதான் இன்னமும் கேட்கிறது.