விளையாட்டுக்குத் தடை போட்ட அரசு

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற பெயர்களில் உள்ள கே.ஜி. என்பது 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். இந்தப் பெயரை வைத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல்.

ஃப்ரோபல் 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தார். ஒரு வயது நிறைவதற்குள் தாயை இழந்தார். வளர்ந்தபின் வனத்துறை வேலை பழகினார், ஆசிரியராக இருந்தார், பெர்லினில் கனிமங்கள் பற்றியும் படித்தார்.

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைகளுக்கான காப்பகங்கள் அப்போதே இருந்தன. ஆனால் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது மட்டும் போதாது, சிறு குழந்தை கற்பதே விளையாட்டின் வழியாகத்தான் என்றார் ஃப்ரோபல். 1837-ல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் தன் நிலையத்தைத் தொடங்கினார். 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார்.

அங்கே குழந்தைகளுக்குத் தந்த விளையாட்டுப் பொருள்களைப் 'பரிசுகள்' என்றே அழைத்தார். முதல் பரிசு, பல வண்ணக் கம்பளி நூல் பந்துகள். அடுத்து மர உருண்டையும் மரக்கட்டையும். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு பெரிய கட்டை. அதைப் பிரித்து அடுக்கும் குழந்தைக்கு முழுமை, பகுதி, எண்ணிக்கை எல்லாம் கை வழியே புரிந்துவிடும். பாட்டு உண்டு, செடி வளர்க்கச் சிறு பாத்திகளும் உண்டு.

இதில் யாருக்கு என்ன ஆபத்து? 1848 புரட்சியால் மிரண்டுபோயிருந்த பிரஷ்ய அரசு, 1851 ஆகஸ்டில் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அரசின் கண்ணை உறுத்தியது அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபலின் எழுத்துகள். இருவரையும் அரசு ஒன்றாகக் குழப்பிக்கொண்டது. ஃப்ரோபல் விளக்கம் தந்தும் பலனில்லை. மறு ஆண்டே, 1852 ஜூனில் அவர் காலமானார்.

தடை 1860-ல்தான் நீங்கியது. அதற்குள் அவரிடம் பயின்ற பெண்கள் இந்த முறையை வெளிநாடுகளுக்குக் கொண்டு சென்றுவிட்டார்கள். அவர்களுள் ஒருவரான மார்கரெட் ஷுர்ஸ், 1856-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினார்.

அரசின் ஆணையால் அழியாத அந்த யோசனைக்கு இன்று வேறு விதத்தில் ஆபத்து. நான்கு வயதில் வீட்டுப்பாடம், தேர்வு, மதிப்பெண் என்று பல கே.ஜி. வகுப்புகள் நடக்கின்றன. பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கிறது, உள்ளே விளையாட்டு இல்லை. குழந்தையை கே.ஜி.யில் சேர்க்கப் போகும் பெற்றோர் பள்ளியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இங்கே குழந்தைகள் தினமும் எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள்?